2021 நவம்பர் 1 பள்ளி திறப்பு: தெர்மல் ஸ்கேனர் ரெடி... வகுப்பறை ஜன்னல் திறக்குமா?

தமிழ்நாட்டில் 2021-ல் இரண்டாம் வகுப்பில் இருந்த குழந்தைகள், ஒன்றாம் வகுப்பு எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை. 2020 ஜூனில் அவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டபோது பள்ளி மூடியிருந்தது. 'ஆல் பாஸ்' ஆகி இரண்டாம் வகுப்புக்கு வந்தபோதும் பள்ளி மூடியே இருந்தது. டீச்சர் யார், பக்கத்தில் உட்காரப்போவது யார், எதுவும் தெரியாமல் இருந்தது.

2021 நவம்பர் 1-ம் தேதி, திங்கள்கிழமை, அந்தக் கதவு திறந்தது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை 19 மாதங்களுக்கும் மேல் மூடிக்கிடந்த வகுப்பறைகளுக்குக் குழந்தைகள் திரும்பினார்கள். 2021 மே மாதம் ஒரே நாளில் 36 ஆயிரத்தைத் தாண்டிய தினசரி கொரோனா பாதிப்பு, அப்போது ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. ஆனாலும் அப்போது வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "அனுப்பலாமா, வேண்டாமா?"

அனுப்பலாம் என்பதற்குப் போதுமான காரணங்கள் இருந்தன. கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். பாதுகாப்பு என்ற பெயரில் எல்லோரும் பார்த்தது பள்ளி வாசலை. பார்க்க வேண்டியது வகுப்பறைக்குள்ளே இருக்கும் காற்றை.

திறப்பதில் தப்பு இருக்கா?

முதலில் இழப்பின் கணக்கு. ஜான் த்ரேஸ், ரீதிகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்து, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உள்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் வசதி குறைந்த குடும்பங்களின் சுமார் 1,400 குழந்தைகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கிராமப்புறத்தில் ஆன்லைனில் தொடர்ந்து படித்தவர்கள் வெறும் 8 சதவீதம். எதுவுமே படிக்காமல் இருந்தவர்கள் 37 சதவீதம்.

அதற்கு முன்பே, 2021 ஜனவரியில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஐந்து மாநிலங்களில் 16 ஆயிரம் அரசுப் பள்ளி மாணவர்களிடம் ஆய்வு செய்தது. 92 சதவீதம் பேர், முந்தைய ஆண்டில் தெரிந்திருந்த மொழித் திறன்களில் ஒன்றையாவது மறந்திருந்தார்கள். கவனியுங்கள், இது புதிதாகப் படிக்காமல் விட்ட கணக்கு இல்லை. ஏற்கனவே தெரிந்தது கைநழுவிப்போன கணக்கு. தமிழ்நாடு அந்த ஐந்தில் இல்லை. ஆனால் கல்வித் தொலைக்காட்சியை மட்டும் நம்பியிருந்த ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தையின் நிலை இங்கே பெரிதாக மாறியிருக்கும் என்று நம்ப வழியில்லை.

அடுத்து தொற்று. 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் நடத்திய நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வில், 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதம் பேருக்கும் எதிர்ப்புப் புரதம் இருந்தது. பள்ளி மூடியிருந்தும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை வைரஸ் வீட்டுக்குள் வந்தே பார்த்துவிட்டுப் போய்விட்டது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தீவிர பாதிப்பு இல்லை என்பதால், பள்ளிகளைத் திறப்பதாக இருந்தால் தொடக்கப் பள்ளியில் இருந்தே தொடங்கலாம் என்று அப்போதைய ஐசிஎம்ஆர் தலைவர் பல்ராம் பார்கவா சொன்னார். டென்மார்க் 2020 ஏப்ரலிலேயே அப்படித்தான் செய்தது. அங்கே சின்னக் குழந்தைகள் முதலில் வந்தார்கள். சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, முடிந்தவரை வெளியிலேயே நேரம் கழித்தார்கள்.

இங்கே வரிசை தலைகீழ். பொதுத்தேர்வு இருக்கிறதே என்று 2021 ஜனவரியில் 10, 12. செப்டம்பரில் 9 முதல் 12. எழுத்துக்கூட்டிப் படிக்கவே ஆள் தேவைப்படும் குழந்தைகள்தான் கடைசி. ஆக, மேலும் தள்ளிப்போடுவதில் நியாயம் இல்லாமல் இருந்தது. ஆனால் 'திறப்பது சரி' என்பதும் 'தயாராக இருக்கிறோம்' என்பதும் ஒன்றல்ல.

வாசலில் காய்ச்சல் பார்த்தால் போதுமா?

கொரோனா காலத்தில் பள்ளி திறப்பு என்றாலே வந்த புகைப்படம் எல்லோருக்கும் தெரியும். வாசலில் ஆசிரியர், கையில் தெர்மல் ஸ்கேனர், பக்கத்தில் சானிடைசர் பாட்டில், முகக்கவசத்துடன் வரிசையில் மாணவர்கள்.

சிக்கல் என்னவென்றால், தொற்று வந்த குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே இருக்காது. ஸ்கேனர் அவர்களை 'ஓகே' என்று உள்ளே அனுப்பிவிடும். அது மழைக்காலம், சாதாரணச் சளிக் காய்ச்சலும் உண்டு, டெங்குவும் உண்டு. அந்தக் குழந்தைகளை ஸ்கேனர் நிறுத்தும். நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அது கொரோனாவைத் தடுத்ததாக ஆகாது.

சானிடைசரும் கிட்டத்தட்ட அப்படித்தான். தொற்றுள்ள ஒரு பொருளைத் தொடுவதால் வைரஸ் பரவும் வாய்ப்பு, பொதுவாக 10 ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் சிடிசி 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கை கழுவுவது நல்ல பழக்கம், வயிற்றுப்போக்கில் இருந்தும் காப்பாற்றும். பெஞ்சு பெஞ்சாக மருந்து அடிப்பதற்குச் செலவான பணமும் ஆள்பலமும்தான் யோசிக்க வைத்தன. மூச்சுவிடும்போதும் பேசும்போதும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போதும் வெளிவரும் நுண்துளிகள், காற்றோட்டம் இல்லாத அறையில் தேங்கி நிற்கின்றன. அதைப் பற்றித்தான் அப்போது பேச்சே குறைவு.

20 அடி அறை, 20 குழந்தைகள்

அரசுப் பள்ளிகளில் பரவலாக இருப்பது 20-க்கு 20 அடி வகுப்பறை. 2021 செப்டம்பரில் உயர் வகுப்புகளைத் திறந்தபோது ஓர் அறைக்கு 20 மாணவர்கள் என்று விதி வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்?

ஆறு அடி இடைவெளி வேண்டும் என்றால், சுவரை ஒட்டி உட்காரவைத்தாலும் ஒரு வரிசைக்கு 4 பேர். கரும்பலகைக்கும் ஆசிரியருக்கும் முன்னால் கொஞ்சம் இடம் விட்டால் 3 வரிசை. மொத்தம் 12 பேர். 20 பேரை உட்காரவைத்தால் இடைவெளி நாலடி, நாலரை அடியாகச் சுருங்கிவிடும். அதுவும் யாரும் அசையாமல் இருந்தால்! ஆறு வயசுக் குழந்தை பென்சில் சீவ எழுந்து போகாமல் இருக்குமா?

தொடக்கப் பள்ளியில் இன்னொரு விஷயமும் உண்டு. செயல்வழிக் கற்றல் வகுப்புகளில் குழந்தைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒரே அட்டையைக் கைமாற்றிப் படித்து வந்தார்கள். அந்த முறையின் பலமே அதுதான். விலகி உட்கார், எதையும் பகிராதே என்றால் ஆசிரியர் பாடம் நடத்தும் முறையையே மாற்ற வேண்டும். அதற்கான பயிற்சி சுற்றறிக்கையில் வராது.

இத்தனைக்கும் இடைவெளி ஒன்றே தீர்வு இல்லை. எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தால் வகுப்பறையில் மூன்று அடி போதும் என்று சிடிசி 2021 மார்ச்சிலேயே தன் பரிந்துரையைத் தளர்த்தியது. ஆக, நாலரை அடியில் உட்காரும் 20 குழந்தைகளைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் இடைவெளியில் விட்டுக்கொடுத்ததை முகக்கவசத்திலும் காற்றோட்டத்திலும் ஈடுகட்டியே ஆக வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும்; மூன்றும் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

ஜெருசலேமில் நடந்தது என்ன?

2020 மே மாதம் இஸ்ரேல் பள்ளிகளை முழுமையாகத் திறந்தது. திறந்த சில நாட்களிலேயே கடும் வெப்ப அலை. வெயில் 40 டிகிரியைத் தொட்டதால், முகக்கவசம் போட வேண்டாம் என்று மூன்று நாட்கள் விலக்கு கொடுத்தார்கள். வகுப்பறைகளில் ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. சுமார் 420 முதல் 530 சதுர அடி அறையில் 35-க்கும் மேற்பட்ட மாணவர்கள்.

அடுத்த சில நாட்களில் ஜெருசலேமில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று உறுதியானது. அந்தப் பள்ளியில் விதிகள் இல்லாமல் இல்லை. வானிலை மாறியதும் விதி கழன்றுகொண்டது, அவ்வளவுதான்.

அங்கே வெயில். இங்கே மழை.

அப்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தது. சாரல் அடித்தால் முதலில் மூடப்படுவது ஜன்னல். நோட்டு நனையும், பாய் நனையும், ஜன்னலோரக் குழந்தை நனையும். எந்த ஆசிரியரும் மூடத்தான் செய்வார். மரத்தடி வகுப்புக்கு வழியில்லை. பல பள்ளிகளில் ஜன்னல் கதவு துருப்பிடித்துத் திறக்கவே வராது. சில இடங்களில் கொசுவுக்காகவோ குரங்குக்காகவோ நிரந்தரமாக அடைத்திருப்பார்கள். நனைந்த முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு மூச்சுவிட முடியாது என்பதால் அதுவும் கழுத்துக்கு இறங்கிவிடும். வெளியில் மழை, உள்ளே மூடிய அறை, முகக்கவசம் இல்லாத 20 குழந்தைகள். ஜெருசலேம் கதை வேறு வானிலையில் திரும்ப வர இது போதும்.

இதற்குத் தீர்வு பெரிய செலவு இல்லை. ஜன்னலுக்கு மேல் ஒரு தகரத் தாழ்வாரம். எதிரெதிர் ஜன்னலும் கதவும் திறந்திருக்கும்படி பெஞ்சு, பாய்களைத் தள்ளிப் போடுவது. ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் பத்து நிமிடம் அறையைக் காலிசெய்து, காற்று மாற விடுவது. நனைந்தால் மாற்றிக்கொள்ள ஆளுக்கு இன்னொரு துணி முகக்கவசம். தெர்மல் ஸ்கேனர் வாங்கும் ஆர்வத்தில் பாதி இருந்தால் போதும்.

சுழற்சி முறை: யாருக்கு உதைக்கிறது?

கூட்டத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட வழி சுழற்சி முறை. இன்று பாதி பேர், நாளை மீதிப் பேர். வாரத்துக்கு ஆறு நாள் பள்ளி என்றால் ஒரு குழந்தைக்கு மூன்று நாள்.

ஓர் ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்பு, 60 குழந்தைகள், இரண்டு அறை. பாதிப் பாதியாகப் பிரித்தால் நாளைக்கு 30 பேர், அறைக்கு 15 பேர். தாராளமாகப் போதும். ஆனால் ஒவ்வோர் ஆசிரியரும் இரண்டு, மூன்று வகுப்புகளுக்குச் சேர்த்துப் பாடம் எடுக்க வேண்டும். அதையே மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டில் ஒருவர் விடுப்பு என்றால் கணக்கு அத்தோடு முடிந்தது. தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் லட்சக்கணக்கான குழந்தைகள் அரசுப் பள்ளிக்கு மாறியிருந்த நேரம் வேறு.

வீட்டில் இன்னொரு கணக்கு. அண்ணனுக்குத் திங்கள், புதன், வெள்ளி. தங்கைக்குச் செவ்வாய், வியாழன், சனி. நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகும் அம்மா, தினமும் யாரோ ஒரு பிள்ளைக்காக வீட்டில் இருக்க வேண்டுமா? அப்படி இருக்க முடியாததால், நடைமுறையில் பெரிய பிள்ளை பள்ளிக்குப் போகாமல் சின்னதைப் பார்த்துக்கொள்ளும். அது பெரும்பாலும் பெண் பிள்ளையாகத்தான் இருக்கும்.

வருகைப் பதிவேட்டு எண்படி பிரிக்காமல், குடும்பவாரியாகவோ தெருவாரியாகவோ பிரித்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். அண்ணன், தங்கை இருவருக்கும் ஒரே நாள். ஏற்கனவே ஒரே வீட்டில், ஒரே தெருவில் கலந்திருக்கும் குழந்தைகளே பள்ளியிலும் கலப்பார்கள் என்பதால் தொற்றுப் பரவலும் குறையும். இதைச் சென்னையில் உட்கார்ந்து செய்ய முடியாது. எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று தெரிந்த தலைமையாசிரியரால் ஒரே மாலையில் செய்துவிட முடியும். அந்த அதிகாரத்தை அவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டு மணி அடித்தால்...

அப்போதைய பள்ளி நாளில் அதிக ஆபத்தான நேரம் எது? எல்லோரும் ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றும் நேரம். அதாவது மதியச் சாப்பாடு.

சத்துணவை நிறுத்துவது பற்றி யோசிக்கவே கூடாது. பல குழந்தைகள் பள்ளிக்கு வருவதற்கே அது ஒரு காரணம். பள்ளி மூடியிருந்த மாதங்களில் உலர் பொருட்களாக வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட அரிசியும் பருப்பும், வீட்டில் இருக்கும் எல்லோருக்குமாகப் பங்கு போடப்பட்டன. தட்டில் விழும் சூடான சாப்பாடும் முட்டையும் அந்தக் குழந்தைக்கே சேரும்.

ஆக, வழி ஒன்றுதான். ஒரே மணி அடிக்காமல் இரண்டு, மூன்று தவணையாகப் பரிமாறுவது. எதிரெதிராக உட்காராமல் தாழ்வாரத்தில் ஒரே பக்கம் பார்த்து உட்காரவைப்பது. இதைச் செய்ய வேண்டியது யார்? அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பேர் இருக்க வேண்டிய சத்துணவு மையம் ஒன்றில் ஒரு பணியிடம் காலியாக இருந்தாலே இது தடுமாறும். தடுப்பூசி விஷயத்திலும் ஆசிரியரைக் கேட்டதுபோல இவர்களையும் கேட்டிருக்க வேண்டும். 2021-ல் 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தடுப்பூசியே இல்லாத நிலையில், குழந்தையைச் சுற்றியிருந்த பெரியவர்களின் ஊசிதான் குழந்தைக்கும் கவசமாக இருந்தது. ஆசிரியர், சமையலர், வேன் டிரைவர், வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டி எல்லோரும் இதில் அடக்கம். அப்போதைய மெகா தடுப்பூசி முகாம்களில் ஒன்றிரண்டைப் பள்ளி வளாகத்திலேயே, பெற்றோர் கூட்டத்தோடு சேர்த்து நடத்தியிருக்கலாம்.

செலவு யார் பாக்கெட்டில்?

நூறு மாணவர்கள் வரை உள்ள ஓர் அரசுப் பள்ளிக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2021-ல் ஆண்டுக்குக் கிடைத்த பள்ளி மானியம் அதிகபட்சம் 25 ஆயிரம் ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 220 வேலை நாட்கள் என்று வைத்தால், நாளைக்கு 115 ரூபாய்கூட வராது. சாக்பீஸ், கரண்ட் சம்பந்தப்பட்ட சின்னச் சின்ன வேலைகள், குழாய் ரிப்பேர், பேப்பர் எல்லாம் இதில்தான். அப்போது சோப்பு, கிருமிநாசினி, முகக்கவசமும் இதிலேயே.

கழிப்பறை இன்னும் மோசம். 19 மாதம் பூட்டிக்கிடந்த கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது ஒரு நாள் வேலை. அதைத் தினமும் இரண்டு முறை கழுவுவது அன்றாட வேலை. பல ஊர்களில் பள்ளித் தூய்மைப் பணியாளர், சொற்பச் சம்பளத்தில் பகுதிநேரமாக வேலை பார்ப்பவர். பொறுப்பை இரட்டிப்பாக்கிவிட்டுச் சம்பளத்தை அப்படியே வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் ஆசிரியர் தன் கைக்காசைப் போடுவார், அல்லது வேலை நடக்காது. மாநிலம் முழுக்கச் சுமார் 37 ஆயிரம் அரசுப் பள்ளிகள் இருக்கும்போது, நல்ல மனம் படைத்த ஆசிரியரின் பர்ஸை நம்பித் திட்டம் போட முடியாது.

ஒரு குழந்தைக்குத் தொற்று வந்தால்?

வரும். செப்டம்பரில் உயர் வகுப்புகள் திறந்தபோதும் சில மாவட்டங்களில் மாணவர்கள், ஆசிரியர்களுக்குத் தொற்று உறுதியானது. உடனே 'பள்ளியில் கொரோனா' என்று பிரேக்கிங் நியூஸ், பள்ளிக்குப் பூட்டு, மருந்து தெளிப்பு. பயம் புரிகிறது. ஆனால் ஒரு குழந்தைக்குத் தொற்று என்றால் மொத்தப் பள்ளியும் மூடவேண்டியதில்லை. யாரோடு உட்கார்ந்தார், யாரோடு சாப்பிட்டார் என்று தெரிந்தால் அந்தக் குழுவுக்கு மட்டும் பரிசோதனை, அந்தக் குழுவுக்கு மட்டும் விடுமுறை. தினமும் ஒரே குழுவாக உட்காரவைத்தால்தான் இது முடியும்.

இன்னொன்று, மறைக்காமல் சொல்லும் சூழல். 'உன் பிள்ளையால்தான் ஸ்கூல் மூடுச்சு' என்று ஊர் பேசும் என்றால், எந்த அம்மாவும் காய்ச்சலைச் சொல்ல மாட்டார். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டு வேலைக்குப் போவார். தெர்மல் ஸ்கேனரும் பச்சை விளக்கு காட்டும்! உடம்பு சரியில்லாமல் வராத குழந்தைக்கு வருகைப் பதிவில் எந்தக் குறையும் வராது என்பதும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரை அழைக்க வேண்டும் என்பதும் முதல் நாளே பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'விருப்பம் இருந்தால் அனுப்புங்க'

குழந்தைகள் வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என அரசு அப்போது சொல்லியிருந்தது. நல்ல முடிவு. ஆனால் அந்த விருப்பம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. வைஃபை, லேப்டாப், ஆன்லைன் டியூஷன் இருக்கும் வீட்டில் 'இன்னும் ரெண்டு மாசம் பார்க்கலாம்' என்பது எச்சரிக்கை. அப்பாவின் ஒரே போன் காலையிலேயே அவரோடு வேலைக்குப் போய்விடும் வீட்டில், அதே வார்த்தை இன்னும் இரண்டு மாதப் படிப்பு இழப்பு.

2021 அக்டோபர் 27-ம் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் முதல்வர் தொடங்கிவைத்த 'இல்லம் தேடிக் கல்வி' இந்த இடைவெளியை நிரப்ப உதவக்கூடியதாக இருந்தது. முதற்கட்டமாக 12 மாவட்டங்களில், தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லித்தர ஏற்பாடு செய்யப்பட்டது. உண்மையிலேயே தேவையான திட்டம். ஆனால் அங்கேயும் 20 குழந்தைகள், ஒரு சின்ன இடம், மழை. காற்றோட்ட விதி பள்ளிக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கு வராத குழந்தையைக் கண்டுபிடித்து, ஏன் வரவில்லை என்று கேட்கும் வேலை தன்னார்வலர் தலையில் மட்டும் விழக் கூடாது. பயந்து வராத குழந்தை ஒரு ரகம். வேலைக்குப் போய்விட்டதால் வராத குழந்தை இன்னொரு ரகம். கல்யாணம் பேசிவிட்டதால் வராத எட்டாம் வகுப்பு மாணவி மூன்றாவது ரகம். பதிவேட்டில் மூன்றுமே வெறும் 'ஆப்சென்ட்' என்றுதான் இருக்கும்.

நவம்பர் 8 என்ற சோதனை

நவம்பர் 1 நன்றாகத்தான் நடக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. தோரணம் கட்டுவார்கள், ரோஜாப்பூ கொடுப்பார்கள், அமைச்சர்களும் அதிகாரிகளும் வருவார்கள், ஸ்கேனர் வேலை செய்யும். மூன்றே நாளில், 2021 நவம்பர் 4-ம் தேதி தீபாவளி. முதல் வாரம் உற்சாகத்திலேயே ஓடிவிடும்.

நிஜமான சோதனை அதற்கு அடுத்த திங்கள், நவம்பர் 8 என்றே தோன்றியது. கேமரா இருக்காது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்க் கூட்டத்தில் கலந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். மழையும் இருக்கலாம். சானிடைசர் பாட்டில் பாதி காலியாகியிருக்கும்.

உங்கள் வீட்டுக் குழந்தையையோ, பக்கத்து வீட்டுக் குழந்தையையோ பள்ளியில் விட்டால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வகுப்பறை ஜன்னல் திறந்திருக்கிறதா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? மதியம் எத்தனை தவணையாகச் சாப்பிடுகிறார்கள்? இல்லை என்றால் தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பணமும் ஆளும் தர வேண்டியவர்கள் காதில் விழும்படி கேளுங்கள்.

ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலேயே இரண்டாம் வகுப்புக்கு வந்த அந்தக் குழந்தைக்கு, இதில் எதுவும் தெரிந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் இனி மறுபடியும் மூடக் கூடாது என்பது மட்டும்தான் அதற்குத் தேவையாக இருந்தது.